இது மஞ்சள் கரிசலாங்கண்ணிதானா? இலையை வைத்து எப்படி உறுதி செய்வது?

வாசல்தோட்டம் (கும்பகோணம்)

வணக்கம். கொல்லையில் இருக்கும் ஒரு கொடியைப் பற்றிக் கேட்கத்தான் இந்தத் திரி.

போன ஆனி மாதம் ஒரு நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி இரண்டு பை கொடுத்தார்கள். வள்ளலார் விரும்பிச் சொன்ன கீரையாயிற்றே, வீட்டிலேயே இருக்கட்டும் என்று கிணற்றடி ஓரமாக நட்டேன். ஐப்பசி மழை முடிவதற்குள் கிணற்றடி முழுக்கப் படர்ந்துவிட்டது. துவைக்கிற கல்லைச் சுற்றி வளைத்து, இப்போது பக்கத்து வீட்டு மதில் வரை போயிருக்கிறது. பூ மஞ்சள்தான், சின்ன சூரியகாந்தி மாதிரி. நீளமான காம்பில் தனித்தனியாக நிற்கிறது.

இரண்டு தடவை பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தோம். மூன்றாம் தடவை கீரை ஆய உட்கார்ந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் ஒரு இலையை எடுத்து விரலால் தடவினார். "இது என்னம்மா இவ்வளவு வழவழன்னு இருக்கு? கையாந்தகரை கையில சொரசொரன்னு ஒட்டுமே" என்றார். கரிசலாங்கண்ணியைத்தான் அவர் கையாந்தகரை என்பார். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டார். அன்றைக்கு ரசமும் அப்பளமும்தான்.

அவர் சொன்னதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. என் பிள்ளைகளும் அந்தக் கூட்டைச் சாப்பிட்டார்கள். செல்போன் செயலியில் மூன்று படம் எடுத்துப் போட்டேன், மூன்றுக்கும் மூன்று பெயர் வந்தது. இலை இப்படி இருக்கிறது: ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு. ஆள்காட்டி விரல் நீளம். நடுவில் இரண்டு பக்கமும் தோள் மாதிரி புடைத்து, அதற்கு மேல் கூம்பி முடிகிறது. கரும்பச்சை, எண்ணெய் தடவிய பளபளப்பு. தண்டு மண்ணைத் தொடுகிற இடமெல்லாம் வேர். ஆனால் கொடி நுனியில் இருக்கும் சில இலைகளுக்கு அந்தத் தோள் இல்லை. அங்கேதான் குழம்புகிறேன்.

இன்னொன்று. அதே நர்சரியில் வாங்கிய வல்லாரையும் தொட்டியில் இருக்கிறது. ஐந்து ரூபாய் நாணயம் மாதிரி சுத்த வட்ட இலை. இப்போது அதன் மேலும் சந்தேகம். இலையை மட்டும் வைத்து ஒரு செடியை நிச்சயமாகச் சொல்ல முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீரைக்கட்டு (சேலம்)

அக்கா, கரிசாலையில் இரண்டே வகைதான். வெள்ளைப் பூ பூத்தால் வெள்ளை, மஞ்சள் பூ பூத்தால் மஞ்சள். தொட்டியில் வைத்து நிறைய உரம் போட்டால் இலை வழவழப்பாக வரும். நாங்களும் இதைத்தான் வைத்திருக்கிறோம். பயப்படாமல் சமையுங்கள்.

கொள்ளிடக்கரை (திருச்சி)

வணக்கம் அம்மா. திருச்சியில் ஒரு கல்லூரி ஹெர்பேரியத்தில் 24 வருடம் வேலை பார்த்தவன் நான். செடியைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, காயவைத்து, தாளில் ஒட்டித் தைத்து, சீட்டு எழுதி அடுக்குவது என் வேலை. பெயர் வைப்பது பேராசிரியர்கள் வேலை. ஆனால் அத்தனை வருடம் இலைகளையே தொட்டுக்கொண்டிருந்ததில் கைக்குச் சில விஷயங்கள் பழகிவிட்டன.

முதலில் உங்கள் கொடி. அது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை. உங்கள் மாமியார் சொன்னதுதான் சரி. சேலம் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், பூவை வைத்துச் சொன்னதால்தான் தவறு வந்தது. உங்கள் வீட்டுக் கொடியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கும்பகோணத்துக் கிணற்றடியில் இருப்பது ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. டிரைலோபேட்டா என்றால் மூன்று மடல் உள்ளது என்று பொருள். நீங்கள் தோள் என்று எழுதினீர்களே, அந்த இரண்டு தோளும் நடுக்கூம்பும் சேர்ந்துதான் மூன்று மடல். நர்சரிகளில் வெடேலியா என்று பழைய பெயரில் அழகுச்செடியாக விற்பார்கள். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்தது. மண்ணை மூடிப் படரும், வருடம் முழுக்கப் பூக்கும் என்று பல நாடுகளில் கொண்டுபோய் நட்டார்கள். உலகின் மிக மோசமான அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஐயூசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட 100 பெயர்ப் பட்டியலில் இதுவும் உண்டு. ஒரே மழைக்காலத்தில் உங்கள் துவைகல்லைச் சுற்றியது ஏன் என்று இப்போது புரியும்.

நம்முடைய மஞ்சள் கரிசலாங்கண்ணி, சித்த வைத்தியர்கள் பொற்றலைக் கையாந்தகரை என்பார்களே, அது ஸ்பாக்னெட்டிகோலா கேலெண்டுலேசியா. இரண்டும் ஒரே பேரினம், உடன்பிறப்புகள் மாதிரி. அதனால் பூ ஏமாற்றும். இலை ஏமாற்றாது. நம்முடையதற்கு இலை ஒடுக்கமாக, நீளமாக, ஈட்டி போல் இருக்கும். தோள் கிடையாது. விளிம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல் இருக்கலாம், பெரும்பாலும் அதுவும் இருக்காது. காம்பு இல்லை என்றே சொல்லலாம், இலை நேராகத் தண்டில் உட்கார்ந்திருக்கும். இரண்டு முகத்திலும் குட்டை மயிர் உண்டு. நுனியிலிருந்து அடியை நோக்கி விரலை இழுத்தால் சொரசொரப்பு தெரியும்.

வெள்ளைப் பூ கரிசாலைக்கு வேறு சோதனை. நாலு இலையை உள்ளங்கையில் கசக்கி, சாற்றை அப்படியே விட்டு, கொஞ்ச நேரம் வேறு வேலையைப் பாருங்கள். பச்சையாக இருந்த கறை கறுத்துப்போயிருக்கும். சோப்பு போட்டாலும் சீக்கிரம் போகாது.

கொடி நுனியில் தோள் இல்லாத இலை ஏன் என்று கேட்டீர்கள். இளந்தளிரிலும் நிழலில் வளர்ந்த கிளையிலும் மடல் சரியாகப் பிரியாது. ஒரே செடியில் இரண்டு மாதிரி இலை என்பது அதிசயமே இல்லை. மல்பெரிச் செடியில் ஒரே கிளையில் முழு இலையும் மடல் விட்ட இலையும் பார்க்கலாம். பலாக்கன்றில் முதலில் வரும் இலைகள் மடல் விட்டிருக்கும், மரமானதும் எல்லாம் முழு இலை. நொச்சிப் புதரில் மூன்று சிற்றிலையும் இருக்கும், ஐந்தும் இருக்கும். குறுந்தொகையில் நொச்சியை மயிலடி இலை என்று ஒரு புலவர் சொன்னார். மூன்று சிற்றிலை உள்ளதைக் கையில் எடுத்தால் மயில் கால் அப்படியே தெரியும், ஐந்து உள்ளதில் தெரியாது. அதனால் ஓர் இலையை மட்டும் பறித்து வைத்துக்கொண்டு முடிவு செய்யக் கூடாது. கொடியின் அடி, நடு, நுனி மூன்றிலும் பார்க்க வேண்டும்.

இதை எனக்குப் பழக்கியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1998-ல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். எங்கள் பேராசிரியர் மேசை மேல் இரண்டு இலைகளை வைத்தார். இரண்டும் இதய வடிவம், இரண்டும் உள்ளங்கை அகலம். நுனியை மட்டும் இரண்டிலும் கிழித்துவிட்டிருந்தார். "ஒன்று அரசு, ஒன்று பூவரசு. வாலைப் பார்த்துத்தானே சொல்வாய்? வாலை எடுத்துவிட்டேன், இப்போது சொல்" என்றார். நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வாயே திறக்கவில்லை. அவர் ஒரு காம்பை ஒடித்தார், வெள்ளையாகப் பால் துளிர்த்தது. மற்றதை ஒடித்தார், பால் இல்லை. அப்புறம் வாசலுக்குக் கூட்டிப்போய் அரசங்கிளையைக் காட்டினார். இலை உதிர்ந்த ஒவ்வொரு கணுவிலும் மோதிரம் போட்டது போல் கிளையைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு. தளிரை மூடியிருக்கும் கூரான உறை கழன்று விழுந்த தழும்பு அது. ஆல், அத்தி, அரசு எல்லாவற்றிலும் இருக்கும். பூவரசில் இருக்காது.

அன்றிலிருந்து நான் வடிவத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது, இலை தண்டில் எப்படி நிற்கிறது என்பதை. கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி நிற்கிறதா, எதிரெதிரே இரண்டா, சுற்றிலும் மூன்று நாலா? இது பெரும்பாலும் மாறாது. வெயில், நிழல், உரம் எதுவும் இதைத் தொடாது. அப்புறம், கையில் இருப்பது ஓர் இலையா, இலையின் துண்டா என்று. வேம்பில் நாம் இலை என்று சொல்வது சிற்றிலைதான். ஒரு நடுக்காம்பும் அதில் இரண்டு பக்கமும் இருக்கும் அத்தனையும் சேர்ந்துதான் ஓர் இலை. மலைவேம்பில் அந்த நடுக்காம்பே மறுபடியும் கிளை பிரிந்திருக்கும். கன்று வாங்கும்போது இதைப் பார்த்தாலே வேம்பையும் மலைவேம்பையும் பிரித்துவிடலாம். வேப்பஞ்சிற்றிலையை உற்றுப் பாருங்கள், நடு நரம்பு நடுவில் இருக்காது. அரிவாள் மாதிரி வளைந்து, ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் ஒடுக்கமாக இருக்கும்.

அதற்குப் பிறகு விளிம்பு, தொடுகை, வாசனை. வில்வமும் மூன்று சிற்றிலை, மாவிலங்கமும் மூன்று சிற்றிலை. தூரத்திலிருந்து பார்த்தால் குழப்பம்தான். வில்வ இலையை வெயிலுக்கு நேரே பிடியுங்கள். ஊசியால் குத்தியது போல் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் தெரியும். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை எல்லாம் அதே குடும்பம், எல்லாவற்றிலும் இந்தப் புள்ளி உண்டு. அதில்தான் வாசனை எண்ணெய் இருக்கிறது. மாவிலங்கத்தில் புள்ளியும் இல்லை, அந்த வாசனையும் இல்லை.

இனி அந்தக் கொடியைச் சமைக்க வேண்டாம் அம்மா. அது அழகுக்கு வளர்ப்பது, கீரை இல்லை. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஏதாவது செய்தால் மருத்துவரிடம் போகும்போது ஒரு கிளையையும் கையில் கொண்டுபோங்கள். பிடுங்கும்போது ஒரு கணுவும் மண்ணில் தங்கக் கூடாது, ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச்செடி. பிடுங்கியதை வாய்க்காலிலோ குப்பைமேட்டிலோ போடாதீர்கள். மாடிச் சிமென்ட் தரையில் பரப்பி, முறுமுறுவென்று உடைகிற வரை காயவிடுங்கள். காவிரி வாய்க்காலில் ஒரு துண்டு இறங்கினால் அப்புறம் யாராலும் பிடிக்க முடியாது.

வல்லாரையைப் பற்றி ஒரே கேள்வி: காம்பு இலையின் ஓரத்தில் சேர்கிறதா, நடுவிலா?

யாழ்முற்றம் (யாழ்ப்பாணம்)

வல்லாரை என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கட வீட்டில் கிழமைக்கு ஒருக்கால் வல்லாரைச் சம்பல் கட்டாயம். தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கடைசியில் தேசிக்காய்ப் புளி. இலையைச் சமைக்காமல் பச்சையாய்ச் சாப்பிடுகிறதால் ஆளைச் சரியாய்ப் பிடிக்க வேணும்.

அக்கா, காம்பைப் பிடிச்சு ஓர் இலையைத் தூக்கிப் பாருங்கோ. வல்லாரையில் ஒரு பக்கத்தில் வெட்டு இருக்கும், காம்பு அந்த வெட்டுக்குள்தான் சேரும். அதனால் இலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்து அகப்பை மாதிரி நிற்கும். நரம்புகள் அந்த வெட்டிலிருந்து விசிறியாய்ப் போகும். விளிம்பில் வளைவு வளைவாய்ப் பல். மீன்தொட்டிக்கும் குளத்துக்கும் அழகுக்கு வைக்கிற ஒன்று இருக்கு, அதில் காம்பு இலையின் நடுவில் சேரும். தூக்கினால் குடை பிடித்த மாதிரி நேராய் நிற்கும். நீங்கள் சுத்த வட்டம் என்று எழுதினதைப் பார்த்தால் எனக்கு அந்தக் குடைக்காரன் என்றுதான் படுகுது.

கொள்ளிடக்கரை

யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. அகப்பை, குடை என்று சொன்னது மிகச் சரி. குடை மாதிரி இருப்பது ஹைட்ரோகோட்டைல். தாமரை இலையிலும் காம்பு இப்படித்தான் அடிப்பக்கம் நடுவில் சேரும்.

எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டில் எலிச்செவி என்று இன்னொன்று தரையோடு படரும். அதற்கும் வல்லாரை மாதிரி வெட்டுள்ள இலைதான், ஆனால் சின்னது. அது மஞ்சள் நிறத்தில் புனல் மாதிரி பூக்கும். வல்லாரைப் பூ கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, இலைகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

மேலூர்க்காரன் (மதுரை)

சார், நடுவில் நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மழை பெய்தால் எங்கள் புளியமரத்தடியில் கீழாநெல்லியும் புளியங்கன்றும் சேர்ந்து முளைக்கும். இரண்டும் ஒரு சாண் உயரத்தில் ஒரே மாதிரி. அப்பா பார்த்த உடனே பிடுங்குவார், எனக்கு இலையைப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டும் கூட்டிலைதானே, அதாவது வேம்பு மாதிரி பல சிற்றிலை சேர்ந்த ஒரே இலைதானே?

கொள்ளிடக்கரை

நல்ல கேள்வி தம்பி. ஹெர்பேரியத்துக்கு வரும் மாணவர்களிடம் நான் முதலில் நீட்டுவதே கீழாநெல்லியைத்தான். அது கூட்டிலை இல்லை. அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஒரு செடியைப் பிடுங்கித் தலைகீழாகப் பிடியுங்கள். சின்ன இலைகளுக்கு அடியில் வரிசையாகப் பச்சை மணிகள் தொங்கும். கீழே காய்ப்பதால்தான் கீழாநெல்லி. இப்போது ஒரு மணி எந்த இடத்திலிருந்து தொங்குகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு குட்டி இலையும் காம்போடு சேரும் மூலையிலிருந்து தொங்கும். அந்த மூலைக்கு இலைக்கோணம் என்று பெயர். பூவும் மொட்டும் இலைக்கோணத்தில்தான் வரும், சிற்றிலையின் மூலையில் வராது. அப்படியானால் அந்தக் குட்டி இலை ஒவ்வொன்றும் ஒரு முழு இலை. நீங்கள் கூட்டிலை என்று நினைத்தது மொத்தமும் ஒரு கிளை.

புளியங்கன்றில் அதே இடத்தைப் பாருங்கள். சிற்றிலைகளின் மூலையில் ஒன்றும் இருக்காது, வெறுமையாக இருக்கும். அந்த நடுக்காம்பு தண்டைத் தொடுகிற இடத்தில்தான் சின்ன மொட்டு உட்கார்ந்திருக்கும். புளியஞ்சிற்றிலைகள் எதிரெதிர் ஜோடியாக இருக்கும், கீழாநெல்லியில் இலைகள் மாறி மாறி இருக்கும். சின்னச் செடி, கண்ணுக்குச் சிரமம் என்றால் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கீழாநெல்லி மணியை லென்ஸ் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். மணி காம்போடு வழவழப்பாக இருந்தால் சாதாரணக் கீழாநெல்லி. காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டு, மேலே கரடுமுரடாக இருந்து, தண்டும் சிவந்திருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி, வேறு இனம்.

படம் எடுத்து இங்கே போடுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பூவை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்புகிறார்கள், அதை வைத்து எங்களால் பாதிதான் சொல்ல முடியும். குறைந்தது மூன்று கணு தெரிகிற மாதிரி தண்டோடு எடுங்கள். ஓர் இலையைத் திருப்பிப் போட்டு அடிமுகம் தெரிய வையுங்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வையுங்கள். நாங்கள் தாளில் ஒட்டும்போதும் ஓர் இலையையாவது கவிழ்த்து ஒட்டுவோம், மயிரும் நரம்பும் அடிமுகத்தில்தான் நன்றாகத் தெரியும். பூ நிறத்தைச் சீட்டில் எழுதிவிடுவோம், காய்ந்தால் நிறம் போய்விடும். வீட்டில் பாடம் செய்ய ஆசைப்படுபவர்கள் பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கினால் போதும். முதல் நாலு நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும்.

திருச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு: தூய வளனார் கல்லூரியில் மேத்யூ பாதிரியார் 1967-ல் தொடங்கிய ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சமவெளிச் செடிகளை அவர் எவ்வளவு பொறுமையாகச் சேர்த்தார் என்பதற்கு அந்தத் தாள்கள்தான் சாட்சி.

கீரைக்கட்டு

ஐயா, நீங்கள் சொன்னபடி எங்கள் வீட்டுக் கொடியைப் பார்த்தேன். தோள் இருக்கிறது. இலை வழவழவென்றுதான் இருக்கிறது. அக்காவிடம் சமையுங்கள் என்று சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். நாளைக்கே பிடுங்கிவிடுகிறேன். இதே கன்றை எங்கள் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன், அவர்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

வாசல்தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. சார், நேற்று முழுக்க அதே வேலைதான். பிள்ளைகளும் கூட நின்று கணு கணுவாகப் பிடுங்கினார்கள். மூன்று கூடை வந்தது, மாடியில் காய்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் போனதைப் பக்கத்து வீட்டு அக்காவும் பிடுங்கிவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

வல்லாரையைத் தூக்கிப் பார்த்தேன். குடைதான். காம்பு நட்ட நடுவில், அங்கிருந்து நரம்புகள் சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி சுற்றிலும் போகின்றன. இத்தனை மாதம் தினமும் தண்ணீர் ஊற்றினேன், ஒரு தடவைகூட இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. அது அழகாக இருக்கிறது என்று சின்னவள் விடமாட்டேன் என்கிறாள். தொட்டியிலேயே இருக்கட்டும், சமையலுக்கு இல்லை என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

என் மாமியாரிடம் இந்தத் திரி முழுவதையும் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை நடந்துபோய், வயல் வரப்பு ஓரத்திலிருந்து ஈர மண்ணோடு ஒரு கொடி கொண்டுவந்திருக்கிறார். இலை ஒடுக்கமாக, என் சுண்டுவிரல் நீளம், கணுவுக்கு எதிரெதிராக இரண்டு. காம்பு இல்லை, தோள் இல்லை. நுனியிலிருந்து அடிக்கு இழுத்தால் பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பு. பூ இன்னும் வரவில்லை. தனித் தொட்டியில் நட்டிருக்கிறேன். நாளைக் காலை வெளிச்சத்தில் மூன்று கணு தெரிய, ஓர் இலையைக் கவிழ்த்து, நாணயம் வைத்துப் படம் போடுகிறேன். நீங்கள் பார்த்துச் சொல்லும் வரை, பூ வந்து நிறம் தெரியும் வரை, அடுப்பில் ஏற்ற மாட்டேன்.